பாபநாசத்துக்கு அடுத்த நிறுத்தம்

ஜூன் 9, திங்கள்

இன்று என்னுடைய ஷெல் ஸ்கிரிப்ட் முதல் முறையாகப் பிழை சொல்லாமல் ஓடியது. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் பிரிவில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்கிரிப்ட் எங்கள் பாடத்தில் கிடையாது. பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த லினக்ஸ் புத்தகம் ஒன்று கிடந்தது. கோடை விடுமுறை முழுக்க அதைத்தான் படித்தேன். மடிக்கணினி இசக்கி மாமாவின் மகளுக்கு அரசு கொடுத்தது. அவளுக்குக் கல்யாணம் ஆனதும் என்னிடம் வந்துவிட்டது. அதில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டலாம். கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ஸ்கிரிப்ட். பிறகு அதன் பெயரைச் சொன்னால் போதும், எல்லாவற்றையும் தானே செய்யும்.

என் ஸ்கிரிப்ட் செய்வது இதுதான். அப்பா பேசும்போது குரலைப் பதிவு செய்யும். ஒவ்வொரு சொல்லையும் திரையில் காட்டி, சரியாகச் சொன்னாரா இல்லையா என்று என்னிடம் கேட்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் சேமிக்கும். முதல் நாள் கோப்பின் பெயர் பேச்சு-1. அடுத்தது பேச்சு-2. எண்ணை நான் கொடுக்க வேண்டியதில்லை. கோப்புறையில் கடைசியாக இருக்கும் கோப்பைப் பார்த்து, அதன் எண்ணோடு ஒன்று கூட்டி, அந்தப் பெயரில் புதிதாக எழுதும். அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் ஆனது.

அப்பா சங்கரபாண்டியன், பாபநாசம் டிப்போவில் கண்டக்டர். பிப்ரவரியில் வண்டி கல்லிடைக்குறிச்சியில் நிற்கும்போது டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கை கீழே விழுந்துவிட்டது. பக்கவாதம். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. ஆனால் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: டிக்கெட்.

"சாப்பிடுதியளா?" என்று அம்மா கேட்டால் "டிக்கெட்". தண்ணீர் வேண்டும் என்றாலும் "டிக்கெட்". அம்மாவும் டிக்கெட், நானும் டிக்கெட்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் நிலோஃபர் மேடம், வரிசையாக மனப்பாடம் ஆனதுதான் முதலில் திரும்பி வரும் என்றார். கிழமைகளைச் சொல்ல வைக்கச் சொன்னார். நாங்கள் ஞாயிறு, திங்கள் என்று தொடங்கினால், சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் இசக்கி மாமா வந்தார். அப்பாவின் வண்டி டிரைவர். அவருக்கு ஆறுதலாகப் பேசவே தெரியாது.

"என்னவே கண்டக்டரே, படுத்துக் கெடந்தா வண்டிய எவன் எடுக்க? விசில் குடும். மொத ஸ்டாப் எது?" என்றார்.

அப்பா, "மேலப்பாளையம்" என்றார். பிறகு, "முன்னீர்பள்ளம், தருவை, கோபாலசமுத்திரம்" என்று போய்க்கொண்டே இருந்தார். பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாமாதான் பயந்துபோனார். "நான் சும்மால்லா கேட்டேன்" என்றார்.

அதனால்தான் ஸ்கிரிப்ட். திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பாபநாசம் வரை பதினைந்து நிறுத்தங்கள். தினமும் ஒரு நடை. பேச்சு-1 சேமித்தாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

பேச்சு-2. பதினொன்று சரி. கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்றும் வெள்ளாங்குளி வரைக்கும்தான். அதற்கு அடுத்தது கல்லிடைக்குறிச்சி. நீளமான பெயர், நடுவில் இரண்டு வல்லின மெய்கள் வருகின்றன, அதனால் கடினமாக இருக்கலாம். ஆனால் சேரன்மகாதேவியும் நீளம்தான். அதை எளிதாகச் சொல்கிறார்.

ஒரு சோதனை செய்து பார்த்தேன். "எப்பா, பத்தமடை சொல்லுங்க" என்றேன். "டிக்கெட்" என்றார். முதலிலிருந்து ஆரம்பித்தால் பிராஞ்சேரிக்குப் பின்னால் பத்தமடை தானாக வருகிறது. தனியாகக் கேட்டால் வருவதில்லை. வண்டி நேராகப் பத்தமடையில் போய் நிற்காதுதானே. புது பஸ் ஸ்டாண்டில்தான் எடுக்க வேண்டும்.

மெர்சியிடம் சொன்னேன். ஆய்வகத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள். "அப்ப ஒன் பேரு?" என்று கேட்டாள். அது நிறுத்தம் இல்லையே என்றேன். "லூசு" என்றாள்.

என் பெயர் உலகம்மை. பாபநாசம் கோயில் அம்மனின் பெயர். வகுப்பில் உலகு, ஒலகு, சில நாள் பூகோளம். அம்மா ஏட்டி என்பாள். முழுப் பெயரையும் சொல்கிறவர் ஒருவர்தான் இருந்தார். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நிறுத்தங்கள்தான் இப்போது முக்கியம்.

ஜூன் 15, ஞாயிறு

பீடி இலைக்கு இன்று நான் தண்ணீர் தெளித்தேன். இயற்பியல் முதல் பாடத்தில் அளவீட்டுக் கணக்குகள் முடித்தேன். பேச்சு-7.

ஜூன் 19, வியாழன்

தாண்டிவிட்டார்! வெள்ளாங்குளிக்குப் பிறகு கண்ணை மூடி, இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வண்டி பிரேக் போடும்போது கம்பியைப் பிடிப்பது போல. பிறகு, "கல்லிடைக்குறிச்சி". பிறகு அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். பதினைந்தும் சரி.

"கேட்டியாம்மா?" என்று கத்தினேன்.

"காது கேக்கும் எனக்கு. இலையில மிதிச்சிராத" என்றாள் அம்மா. ஆனால் சாயங்காலம் கேட்காமலே அப்பாவுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கடைசி நிறுத்தத்தைச் சரி என்று அழுத்தியதும் ஸ்கிரிப்ட் தானே பதிவை நிறுத்தி, 'சேமித்தாயிற்று' என்று காட்டும். அந்த வார்த்தை எனக்கு மிகவும் பிடிக்கும். மூடிவிட்டு எழுந்தபோது அப்பா மறுபடி வாயைத் திறந்தார். டிக்கெட் என்று சொல்லத்தான் இருக்கும். நாளை வேதியியல் தேர்வு என்பதால் படிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மருத்துவமனைக்குப் போனோம். அப்பா வழித்தடம் முழுக்கச் சொல்கிறார் என்றதும் நிலோஃபர் மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நிஜமாவா? எழுதி வச்சிருக்கியாம்மா?" என்றார்.

எழுதுவது என்ன, ஒவ்வொரு நாளும் தனித்தனிக் கோப்பு, வரிசை எண்ணோடு, குரலோடு இருக்கிறது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஜூலை 14 அன்று திருநெல்வேலியில் மருத்துவக் குழு அப்பாவைப் பார்க்கும். இனிமேல் குணமாக வாய்ப்பில்லை என்று அவர்கள் எழுதினால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். வாய்ப்பு உண்டு என்று எழுதினால் இன்னும் ஆறு மாதம் விடுப்பு. "நாளுக்கு நாள் முன்னேறுதாருன்னு நான் ரிப்போர்ட் குடுக்கணும்னா எனக்கு ஆதாரம் வேணும். ஏழாம் தேதி வாங்க. எல்லாத்தயும் கொண்டு வா" என்றார் மேடம்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே வந்தார். புதுப் பையன். மெஷினில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அப்பா தன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு நாளாக அப்பா சரியாக இல்லை. பாபநாசம் வரை சொல்லி முடித்ததும் நான் கணினியை மூடுகிறேன். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுகிறார். "என்ன வேணும்ப்பா?" என்றால் "டிக்கெட், டிக்கெட்" என்று கோபம். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். தலையணையை மாற்றினேன். அதுவும் இல்லை.

"அவுகளுக்கு அலுத்திருக்கும். ஒரு நாளு விடேன்" என்றாள் அம்மா.

விட முடியாது. ஏழாம் தேதிக்கு ஒரு நாள்கூட இடைவெளி இருக்கக் கூடாது.

ஜூலை 5, சனி

கோப்புறையைத் திறந்தேன். பேச்சு-1 முதல் பேச்சு-10 வரை இருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

தப்பு கணினியுடையது இல்லை, என்னுடையது. 'கடைசிக் கோப்பைப் பார்த்து ஒன்று கூட்டு' என்று சொன்னேனே தவிர, கடைசி என்றால் எது என்று சொல்லவில்லை. அது கோப்புகளை எண்ணாகப் பார்க்கவில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. அகராதியில் 'கல்' முடிந்ததும் 'கல்வி' வருவது போல 1 முடிந்ததும் 10. அதற்குப் பிறகுதான் 2. இந்த வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பது 9. எனவே தினமும் ஸ்கிரிப்ட் 9ஐப் பார்த்தது, ஒன்று கூட்டியது, பேச்சு-10 என்று எழுதியது. மறுநாளும் பேச்சு-10. அதற்கு மறுநாளும். நேற்றைய அப்பாவின் மேல் இன்றைய அப்பா. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டிய நாளும் அதில் போய்விட்டது.

எண்ணையும் காட்டச் சொல்லியிருந்தால் பார்த்திருப்பேன். 'சேமித்தாயிற்று' என்று மட்டும் காட்டச் சொல்லியிருந்தேன். அது அழகாக இருந்தது.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப எல்லாம் போயிட்டாட்டி?"

"மொத ஒம்பதும் கடைசியும் இருக்கு. நடுவுல உள்ளது போச்சும்மா."

"பொட்டிக்குள்ள உள்ளதுதான போச்சு. அவுக வாயில உள்ளது போகலல்லா?"

"மேடம் ஆதாரம் கேட்டாங்கம்மா. காட்டலன்னா அப்பாவுக்கு..."

"தெரியும்" என்றாள் அம்மா. அறுந்த நூலை மறுபடி கட்டினாள்.

பரிகாரம் லினக்ஸ் புத்தகத்தில்தான் இருந்தது. ஆனால் அச்சிட்ட பக்கத்தில் இல்லை. பக்க அடையாளத்துக்கு நான் எப்போதும் பழைய பஸ் டிக்கெட்தான் வைப்பேன். மெஷின் வருவதற்கு முன்னால் அப்பா கட்டுக் கட்டாகக் கிழித்துக் கொடுத்த காலத்து மெல்லிய தாள். அதில் வரிசை எண் 00417 என்று இருந்தது. நானூற்றுப் பதினேழுக்கு எதற்கு இரண்டு பூஜ்யம் என்று யோசித்தேன். எல்லா எண்ணும் ஒரே நீளத்தில் இருந்தால் எழுத்தாக அடுக்கினாலும் எண்ணாக அடுக்கினாலும் ஒரே வரிசைதான் வரும்! 0009க்குப் பிறகு 0010தான். வேறு வழியே இல்லை.

டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார்.

"டிக்கெட்" என்றார்.

ஐந்து மாதத்தில் முதல் முறையாகச் சரியான பொருளுக்குச் சரியான சொல். அப்பாவுக்கே அது தெரிந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். எண்ணுக்கு முன்னால் பூஜ்யங்கள். சேமிக்கும்போது கோப்பின் எண்ணையும் காட்ட வேண்டும். அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அதன்மேல் எழுதக் கூடாது. ஆள் உட்கார்ந்திருக்கும் இருக்கையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது இல்லையா. இன்னொன்றும் மாற்றினேன். இனிமேல் கடைசி நிறுத்தம் வந்ததும் பதிவு தானாக நிற்காது. நான் விசையை அழுத்தினால்தான் நிற்கும். எதையும் அதன் பொறுப்பில் விடப் பயமாக இருக்கிறது.

பழைய பத்தையும் புதுப் பெயருக்கு மாற்றிவிட்டேன். இதிலேயே இரவாகிவிட்டதால் இன்று நடை இல்லை. அடுத்தது 0011.

ஜூலை 7, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு. இசக்கி மாமா தன் ஓய்வு நாளை எங்களுக்குக் கொடுத்துக் கூடவே வந்தார்.

நிலோஃபர் மேடம் கோப்புகளைத் திறந்து பார்த்தார். "ஜூன் பதினேழு வரைக்கும் இருக்கு. அப்புறம் நேரா ஜூலை அஞ்சு. நடுவுல உள்ளது எங்கம்மா?"

சொன்னேன். அகராதி, ஒன்று, பத்து, எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உன்ன நம்புறேன். ஆனா பாக்காதத நான் பாத்ததா எழுத முடியாது. கடைசிப் பதிவுல நல்லா சொல்லுதாரு, சரி. ஆனா மனப்பாடத்த ஒப்பிக்கிறது வேற, பேசுறது வேற. குழு அதத்தான் கேக்கும். நான் இப்பவே அவர டெஸ்ட் பண்ணிப் பாக்கேன்."

பேனாவைக் காட்டினார். "டிக்கெட்." கைக்கடிகாரத்தைக் காட்டினார். "டிக்கெட்." தம்ளர், சாவி, செருப்பு. அம்மாவைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். அப்பா அம்மாவை வெகுநேரம் பார்த்தார். உதடு குவிந்தது. "டிக்கெட்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுத்து தலைகீழாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக இல்லை, இல்லை என்று போடுகிறார் என்று தெரிந்தது.

"மேடம், ஒரு நடை மட்டும். உங்க முன்னாலயே பதிவு பண்ணிக்கிடுதேன்" என்றேன்.

"ஒரு தடவதான். வெளிய ஆளு காத்திருக்கு."

ஸ்கிரிப்டை ஓட விட்டேன். இசக்கி மாமா மேசையைத் தட்டி, "ரைட்டு, போலாம்வே" என்றார்.

அப்பா புது பஸ் ஸ்டாண்டில் எடுத்தார். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை. கல்லிடைக்குறிச்சியில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அம்பாசமுத்திரம். விக்கிரமசிங்கபுரம். பாபநாசம். பதினைந்தும் சரி.

வழக்கமாக இந்த இடத்தில் 'சேமித்தாயிற்று' என்று வரும். நான்தான் மாற்றிவிட்டேனே. விசையை அழுத்த வேண்டும் என்பது நினைவில்லாமல் அந்த வார்த்தைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டிப்போ" என்றார் அப்பா.

நிலோஃபர் மேடத்தின் பேனா நின்றது.

"டிப்போ" என்று மறுபடி சொன்னார். "கலெக்‌ஷன்." பையைக் கொடுத்துக் கணக்கை ஒப்படைப்பது அது. பிறகு, "டீ."

இசக்கி மாமா, "ஆமா, நானும் இவரும் குடிப்போம்" என்றார். மேடம் பேசாதீர்கள் என்று கையைக் காட்டினார்.

"பாலம்" என்றார் அப்பா. "முக்கு. செருப்பு." தெருமுனையில் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். "செம்பகம்."

அம்மாவின் பெயர் செண்பகம். அப்பா அப்படித்தான் சொல்வார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் முதலில் அம்மாவிடம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுப்பார். பிறகு, நான் எங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும்...

"உலகம்மை" என்றார் அப்பா.

மேடம் கேட்டார், "உலகம்மை யாரு?"

"இவதான் மேடம்" என்றாள் அம்மா.

நான் விசையை அழுத்தவே மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 0011 மற்ற எல்லாக் கோப்பையும்விடப் பெரியதாக இருக்கிறது. பாதிக்குமேல் வெறும் மின்விசிறிச் சத்தம்தான். அதை வெட்டலாம். வெட்டவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அவர் கட்டில் சட்டத்தைத் தட்டியது அலுப்பினால் இல்லை. வண்டி இன்னும் வீடு வந்து சேரவில்லை, நான் பாபநாசத்திலேயே இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

திருநெல்வேலி போய் வந்தோம். அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள், நானும் மாமாவும் வெளியே. குழுவில் ஒரு டாக்டர் அப்பாவின் பெயரைக் கேட்டாராம். அப்பா டிக்கெட் என்றாராம். பிறகு நிலோஃபர் மேடத்தின் கடிதத்தைப் படித்தார்களாம். மனப்பாட வரிசையைத் தாண்டித் தானாகச் சொற்கள் வரத் தொடங்கியிருப்பதை நேரில் கண்டதாகவும், பயிற்சியை நிறுத்தக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தார். ஆறு மாதம் விடுப்பு. அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்கள்.

"ஆறு மாசத்துல நான் இவர விசில் ஊதவே வச்சிருவேன்" என்றார் மாமா. "ஊதுறது வாயாலல்லா? பேச்சு எதுக்கு?"

இரவு அம்மா அப்பளம் பொரித்தாள். கோப்பு 0018.

ஜூலை 20, ஞாயிறு

மெர்சி வீட்டுக்கு வந்திருந்தாள். இருவரும் உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வெளியே அப்பா ஆரம்பித்தார்.

"மேலப்பாளையம்."

"பயிற்சி நேரமாட்டி?" என்றாள் மெர்சி.

"இல்ல. என்னக் கூப்பிடுதாரு."

அவளுக்குப் புரியவில்லை. இன்னமும் என் பெயரைத் தனியாகச் சொல்ல அப்பாவுக்கு வராது. நான் வேண்டும் என்றால் புது பஸ் ஸ்டாண்டில் வண்டியை எடுத்து, எல்லா நிறுத்தத்திலும் நின்று, டிப்போவில் கணக்குக் கொடுத்து, டீ குடித்து, பாலம் தாண்டித்தான் என்னிடம் வர முடியும். நிலோஃபர் மேடம், போகப் போகச் சில நிறுத்தங்கள் தாமாகக் குறையும் என்கிறார். இந்த வாரம் புது பஸ் ஸ்டாண்டு குறைந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "ஏட்டி, ஒங்கப்பா வீரவநல்லூர் தாண்டியாச்சு. போயி என்னன்னு கேளேன்."

"போறேம்மா."

முதல் நிறுத்தம் கேட்டதுமே எழுந்து போய்விடலாம்தான். மெர்சியும் அதைத்தான் சொன்னாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்பாசமுத்திரம். விக்கிரமசிங்கபுரம். வண்டி வரட்டும்.